மழைக்குப் பிறகு கொல்லையில் கிடைத்த ஆமைக்குஞ்சு: என்ன ஆமை, எப்படிப் பார்த்துக்கொள்வது?

மழைக்குப் பிறகு கொல்லையில் ஒரு ஆமைக்குஞ்சு கிடைத்தது, அது என்ன ஆமை, வளர்க்கலாமா என்று கேட்டு, வாளி நிறையத் தண்ணீர் விட்டு அதில் போட்டு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதை வெளியே எடுத்துவிட்டு மேலே படியுங்கள். நீர் ஆமையே ஆனாலும் மூச்சு விட மேலே வந்துதான் ஆக வேண்டும், பிளாஸ்டிக் வாளியில் கால் பிடிக்க ஒன்றும் கிடையாது, குஞ்சு நீந்தி நீந்தியே களைத்துப்போகும்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில் வேலியோரமாக ஒரு குஞ்சு கிடைத்தது. ஆமை என்றால் தண்ணீர், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மாட்டுத் தொட்டியில் விட்டுவிட்டுப் போய்த் தூங்கினேன். காலையில் பார்த்தால் நாலு காலும் தொங்கிப்போய் அடியில் கிடந்தது. அது நட்சத்திர ஆமை, தரையில் வாழ்வது, நீந்தத் தெரியாது என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். இன்றைக்கு வரைக்கும் அந்தத் தொட்டி எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அடையாளம் காண முதலில் காலைப் பாருங்கள், ஓடு அப்புறம். விரல்களுக்கு இடையே சவ்வு இல்லாமல், யானைக்காலைச் சின்னதாகச் செய்து வைத்த மாதிரி உருண்டையாக, செதில் செதிலாக இருந்தால் அது நட்சத்திர ஆமை. குஞ்சாக இருக்கும்போது முதுகில் நட்சத்திரக் கோடுகள் தெளிவாக இருக்காது, மஞ்சளும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாக இருக்கும், அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இதைத் தண்ணீரில் விடவே கூடாது, கள்ளியும் புல்லும் புதருமாக இருக்கிற காய்ந்த இடம்தான் அதற்கு வீடு. விரலுக்கு நடுவே சவ்வு இருந்து, ஓடு கெட்டியாகக் கறுத்து, முதுகில் நீளவாக்கில் மூன்று வரப்பு ஓடினால் அது குளத்துக் கறுப்பு ஆமை. முதுகு தோல் போர்த்திய மாதிரி வழவழப்பாக, மூக்கு பன்றி மூக்குபோல் குழலாக நீண்டிருந்தால் பால் ஆமை. புரட்டிப் பார்த்தால் வயிற்றுப்பக்கம் பின்னங்காலை மூடிக்கொள்ள இரண்டு மடல் இருக்கும், நம் ஊர் ஆமைகளில் வேறு எதற்கும் அது கிடையாது.

நீங்கள் சொல்கிற விவரம், அதாவது தீப்பெட்டியை விடச் சிறியது, பாசிப் பச்சையும் பழுப்புமான நிறம், தொட்டால் முதுகு மெத்தென்று இருக்கிறது, மூக்கு கூராக நீண்டிருக்கிறது, வீட்டுக்குப் பின்னால் கண்மாய், எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பால் ஆமைதான். கழுத்து நினைப்பதை விட நீளமாக வரும், வெடுக்கென்று கடிக்கும், ஓட்டின் பின்பாதியில் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்குங்கள்.

கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருந்தால் மட்டும் கதை வேறு. அது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து ஆமை, கடையில் வாங்கி வளர்த்தவர்கள் சலித்துப்போய் எங்கேயோ விட்டிருப்பார்கள். அதை நம் கண்மாயில் விட்டால் நம் ஆமைகளின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்ளும், வனத்துறையிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்போது "தாய் இல்லாமல் தனியாகக் கிடக்கிறதே" என்று கேட்டிருந்தீர்கள். நல்ல மனசு, ஆனால் அது அநாதை இல்லை. தாய் ஆமை கரையில் குழி தோண்டி முட்டை இட்டு மூடிவிட்டு அப்படியே போய்விடும், திரும்பிப் பார்க்காது. ஆமைக்குஞ்சுகள் தாய் துணை இல்லாமல்தான் வெளியே வருகின்றன. முட்டையின் மஞ்சள் கரு கொஞ்சம் வயிற்றுக்குள் மிச்சம் இருக்கும், அதை வைத்துச் சில நாள் சாப்பிடாமலே ஓட்டிவிடும். அதனால் சோறு, பால், ரொட்டி எதுவும் வைக்காதீர்கள்.

இன்று சாயங்காலம் வரை வைத்திருக்க வேண்டுமென்றால் ஒரு அகலமான தாம்பாளத்தில் கிணற்றுத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஓடு மூழ்காத அளவுக்கு ஊற்றி, ஒரு பக்கம் கல்லும் கொஞ்சம் பாசியும் போட்டு, காக்காயும் நாயும் வராத நிழலில் வையுங்கள். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், குழந்தைகளுக்குக் கண்டிப்பாக. ஆமை மேல் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். இதனாலேயே அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதை 1975லேயே தடை செய்தார்கள். ஓடு விரிசல் விட்டிருந்தாலோ ரத்தம் வந்தாலோ தண்ணீரில் விடாமல், ஈரத்துணி விரித்த அட்டைப்பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவரிடமோ வனத்துறை அலுவலகத்துக்கோ கொண்டுபோங்கள். ஃபெவிக்விக் போட்டு ஒட்டுவது, மஞ்சள் பூசுவது எல்லாம் வேண்டாம்.

வளர்க்கலாமா என்று கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. பால் ஆமையும் நட்சத்திர ஆமையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, வீட்டில் வைத்திருப்பதே குற்றம். சட்டத்தை விடுங்கள், தொட்டியில் சோறு போட்டு வளர்த்த குஞ்சுகளை நான் பார்த்திருக்கிறேன், வெயிலும் சரியான இரையும் இல்லாமல் ஓடு இளகிப்போய், கண் வீங்கி மூடிப்போய், இரை கண்ணெதிரே இருந்தும் தெரியாமல் கிடக்கும். அது வேண்டாம். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று உங்கள் மாமியார் பயப்படுகிறார் என்றீர்களே, அவரிடம் சொல்லுங்கள்: இது வீட்டுக்குள் புக வரவில்லை, மழை ஈரத்தில் முட்டைக் குழியிலிருந்து கிளம்பி கண்மாய்க்குப் போகிற வழியில் உங்கள் கொல்லை குறுக்கே வந்துவிட்டது, அவ்வளவுதான். தயவுசெய்து பயத்தில் தூக்கிக் குப்பையில் போட விடாதீர்கள்.

(கடற்கரையில் குஞ்சு பார்த்து இதைப் படிக்கிறவர்களுக்கு: துடுப்பு மாதிரி கால் இருந்தால் அது கடல் ஆமை, நம் கரையில் பெரும்பாலும் பங்குனி ஆமை, நல்ல தண்ணீரில் போடாதீர்கள், கையில் தூக்கிக் கடலில் எறியாதீர்கள். வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அது நடக்கும், தெருவிளக்கு அதை ரோட்டுப் பக்கம் இழுத்துவிடும். டார்ச்சையும் செல்போனையும் அணைத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.)

சரி, உங்கள் குஞ்சுக்கு வருகிறேன். வேறு ஊர்க் குளம், கோயில் தெப்பம் என்று தூக்கிக்கொண்டு போகாமல், வெயில் தாழ்ந்ததும் பின்னால் இருக்கிற கண்மாய்க்கே எடுத்துப்போங்கள். நடுத் தண்ணீரில் வீச வேண்டாம். கொக்கு நிற்காத இடமாகப் பார்த்து, கோரையும் பாசியும் அடர்ந்த ஓரத்தில், ஒரு விரல் ஆழத் தண்ணீரில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நில்லுங்கள். கொஞ்ச நேரம் அசையாமல் கிடக்கும். அப்புறம் முன்னங்காலால் சேற்றைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி உடம்பைப் புதைத்துக்கொள்ளும், கடைசியில் அந்தக் குழல் மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும்.