புதிய கொரோனா திரிபை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கேள்வி பதில்

கொரோனா மாதிரிகளின் மரபணு வரிசையைப் படிக்கும் ஆய்வகத்தில் 2020 முதல் வேலை செய்கிறேன். திரிபுகளைப் பற்றி நண்பர்கள் பலர் கேட்டிருந்தார்கள். தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

ஆர்டிபிசிஆர் பாசிட்டிவ் என்று வந்தால் அதிலேயே எந்தத் திரிபு என்று தெரிந்துவிடாதா?

பொதுவாகத் தெரியாது. இந்த வைரஸின் மரபணுத் தொடரில் கிட்டத்தட்ட 29,900 எழுத்துகள் (மரபணுவின் வேதி அலகுகளை இப்படிச் சொல்வோம்) உண்டு. பிசிஆர் அதில் இரண்டு மூன்று சிறு பகுதிகளைத்தான் தேடும். இருந்தால் பாசிட்டிவ், அவ்வளவுதான்.

ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். ஆல்பா திரிபின் ஸ்பைக் மரபணுவில் (வைரஸின் மேற்பரப்பில் முள் போல நிற்கும் புரதத்துக்கான மரபணு) ஆறு எழுத்துகள் விடுபட்டிருந்தன. மூன்று இடங்களைத் தேடும் ஒரு வகை கிட்டில் மற்ற இரண்டும் பாசிட்டிவ் காட்டும், ஸ்பைக் மட்டும் காட்டாது. 2020 கடைசியில் இங்கிலாந்தில் ஆல்பா எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதைக் கணிக்க இந்தக் 'காணாமல் போன' முடிவு பெரிதும் உதவியது. ஒமைக்ரானின் பிஏ.1 கிளைக்கும் இதே அடையாளம் இருந்தது. அப்புறம் வந்த பிஏ.2வில் அந்த விடுபடல் இல்லை, குறுக்குவழியும் அடைபட்டது. உறுதியாகத் தெரிய முழுத் தொடரையும் படித்தே ஆக வேண்டும்.

மேடம், நான் உயிரித் தொழில்நுட்ப மாணவி. ஆய்வகத்துக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

சொல்கிறேன், எனக்குப் பிடித்த பகுதி இது. முதலில் மாதிரியின் சிடி மதிப்பை, அதாவது பிசிஆரில் எத்தனையாவது சுற்றில் வைரஸ் தென்பட்டது என்ற எண்ணை, பார்ப்போம். 30க்கு மேல் போனால் வைரஸ் குறைவு, நல்ல வரிசை கிடைப்பது கஷ்டம். அப்புறம் வைரஸின் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி, சுமார் 400 எழுத்து நீளமுள்ள துண்டுகளாகப் பெருக்குவோம். கூரையில் ஓடு வேய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஓட்டின் விளிம்பு அடுத்த ஓட்டின் மேல் படியும். அப்படித்தான் ஏறக்குறைய நூறு துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து முழுத் தொடரையும் மூடும்.

சிக்கல் எங்கே வரும் தெரியுமா? ஒவ்வொரு துண்டின் இரு முனைகளிலும் பிரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டு) ஒட்ட வேண்டும். ஒட்டும் இடத்திலேயே வைரஸ் மாறியிருந்தால் அந்தத் துண்டு பெருகாது. டெல்டா காலத்தில், பலரும் பயன்படுத்திய பிரைமர் தொகுப்பில் 72ஆவது துண்டு இப்படித்தான் படுத்துவிட்டது. ஸ்பைக் மரபணுவில், மிக முக்கியமான இடத்தில், திரையில் வரிசையாக 'என்' 'என்' என்று வந்து நிற்கும். 'என்' என்றால் 'இங்கே என்ன எழுத்து என்று தெரியவில்லை' என்று பொருள். அதை 'மாற்றம் இல்லை' என்று வாசித்துவிடக் கூடாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான். பிறகு பிரைமர்களைத் திருத்தி அமைத்தார்கள்.

பெயர்கள்தான் குழப்புகின்றன. ஒமைக்ரான் என்கிறார்கள், ஜேஎன்.1 என்கிறார்கள்.

இரண்டு பெயர் முறைகள் இருக்கின்றன. பாங்கோ முறை வம்சாவளியைக் காட்டுவது: பி.1.1.529தான் ஒமைக்ரான், அதன் கிளைகள் பிஏ.1, பிஏ.2. புள்ளிகள் நீண்டுகொண்டே போனால் புது எழுத்து கொடுத்துச் சுருக்குவார்கள். ஜேஎன்.1 என்பது பிஏ.2.86.1.1இன் சுருக்கம். எக்ஸ் என்று தொடங்கினால் இரண்டு கிளைகள் கலந்து பிறந்தது. கிரேக்க எழுத்துகளை உலக சுகாதார நிறுவனம் 2021 மே 31 அன்று கொண்டுவந்தது. ஊர்ப் பெயர் சொல்லி வைரஸை அழைப்பதைத் தவிர்ப்பதும் ஒரு நோக்கம்.

ஆனால் ஒமைக்ரான் தென்னாப்பிரிக்காவில் தோன்றியதுதானே? அப்படிச் சொன்னால் என்ன தவறு?

தோன்றிய இடமும் முதலில் கண்ட இடமும் ஒன்றல்ல. விளக்கு இருக்கிற இடத்தில்தான் பொருள் கண்ணில் படும். தென்னாப்பிரிக்காவிலும் போட்ஸ்வானாவிலும் விளக்கை ஏற்றி வைத்திருந்தார்கள், அதாவது மாதிரிகளின் வரிசையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். 2021 நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்கா இந்தத் திரிபைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்தது. 26ஆம் தேதியே அது 'கவலைக்குரிய திரிபு' பட்டியலில் ஏறிவிட்டது. அந்த வேகம் அபாரமானது. கையோடு பல நாடுகள் தெற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வரும் விமானங்களை நிறுத்தின. சில நாளில் நெதர்லாந்து சொன்னது: அங்கே நவம்பர் 19இலும் 23இலும் எடுத்த மாதிரிகளிலேயே ஒமைக்ரான் இருந்திருக்கிறது. அதாவது அறிவிப்புக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது.

உண்மையைச் சீக்கிரம் சொன்னதற்குத் தண்டனை கிடைத்தால் அடுத்த நாடு சொல்லத் தயங்கும். எனக்கு இது இன்றும் ஆறாத வருத்தம்.

எல்லா மாதிரியையும் படிக்க முடியாது. எத்தனை படித்தால் போதும்?

ஒரு சின்னக் கணக்கு. புதிய திரிபு நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குலுக்கல் முறையில் 300 மாதிரிகளை எடுத்துப் படித்தால், ஒன்றாவது சிக்க 95 சதவீத வாய்ப்பு உண்டு. ஆயிரக்கணக்கில் தேவையில்லை. ஆனால் 'குலுக்கல் முறையில்' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பெரிய மருத்துவமனை ஒன்றிலிருந்தே 300 மாதிரிகளும் வந்தால் இந்தக் கணக்கு செல்லாது. உலகளாவிய தரவுத்தளமான ஜிஸெய்டில் 1.6 கோடிக்கும் மேற்பட்ட வரிசைகள் சேர்ந்திருக்கின்றன. அதில் பெரும்பங்கு பணக்கார நாடுகளிலிருந்து வந்தது. வரைபடத்தில் வெறுமையாகத் தெரியும் இடங்களில் வைரஸ் இல்லை என்று எண்ண வேண்டாம், பார்க்க ஆள் இல்லை.

மாற்றம் அதிகம் இருந்தால் ஆபத்தும் அதிகமா?

அப்படி ஒரு நேர்க்கணக்கு கிடையாது. ஒரு பரம்பரையில் மாதத்துக்குச் சுமார் இரண்டு எழுத்துகள் மாறும், பெரும்பாலானவற்றால் ஒன்றும் ஆகாது. 2023 ஆகஸ்டில் பிஏ.2.86 வந்தபோது, பிஏ.2வோடு ஒப்பிட்டால் ஸ்பைக்கில் மட்டும் 30க்கு மேற்பட்ட மாற்றங்கள். நாங்கள் எல்லோரும் பதறினோம். ஆனால் அது மெதுவாகத்தான் பரவியது. பிறகு ஸ்பைக்கின் 455ஆவது இடத்தில் இன்னொரு மாற்றம் சேர்ந்து ஜேஎன்.1 ஆனது. 2024 தொடக்கத்தில் உலகில் அதிகம் காணப்பட்டது அதுதான்.

இப்போது யாரும் டெஸ்ட் எடுப்பதே இல்லையே, பிறகு எப்படிக் கண்காணிக்கிறார்கள்?

கழிவுநீர் கைகொடுக்கிறது. தொற்று உள்ளவர்களின் மலத்தில் வைரஸின் துணுக்குகள் வெளியேறும், அறிகுறி இல்லாதவர்களுக்கும்தான். சில நாடுகளில் விமானக் கழிவுநீரையும் சோதிக்கிறார்கள். குறை என்னவென்றால், ஆயிரம் பேருடைய வைரஸ் ஒன்றாகக் கலந்து வரும். இரண்டு மாற்றங்கள் தெரிந்தால் அவை ஒரே வைரஸில் இருந்தவையா, வேறு வேறா என்று பிரிப்பது சிரமம். அதனால் கொஞ்சமாவது நோயாளிகளின் மாதிரிகள் தேவைப்படத்தான் செய்யும்.

என் மாதிரியிலிருந்து என் மரபணுவும் வெளியே போய்விடுமா?

போகாது. மனித டிஎன்ஏ தவறி வந்திருந்தால் அதை வடிகட்டிவிட்டுத்தான் பதிவேற்றுவது வழக்கம்.

சாதாரண ஆட்களும் இந்தத் தரவைப் பார்க்கலாமா?

தாராளமாக. நெக்ஸ்ட்ஸ்ட்ரெய்ன் தளத்தில் வைரஸின் குடும்ப மரமே இருக்கிறது, யாரும் பார்க்கலாம். பார்க்கும்போது மாதிரி எடுத்த தேதியைக் கவனியுங்கள், பதிவேற்றிய தேதி வேறு. கடைசி இரண்டு மூன்று வாரங்களில் வரிசைகள் இன்னும் வந்துகொண்டிருக்கும். அங்கே ஒரு திரிபின் பங்கைக் காட்டும் கோடு திடீரென்று ஏறினாலோ இறங்கினாலோ உடனே நம்பிவிடாமல் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள்.