இத்தாலியப் பெயரடைகள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 'ஃபமோசோ'வை (புகழ்பெற்ற) அசை பிரிக்கும்போது 'ஃபம்-ஓசோ' என்று பிரிக்கலாமா?

கூடாது. ஃபா-மோ-சோ. 'ஃபாமா'வோடு '-ஓசோ' சேர்ந்துதான் சொல் பிறந்தது. ஆனால் அசை அந்த ஒட்டைப் பார்த்து விழுவதில்லை. அசையும் சொல்லுறுப்பும் ஒன்றல்ல.

கேள்வி: வரி முடிவில் இடமில்லாமல் 'த்ரிஸ்தே'யை (சோகமான) 'த்ரிஸ்-தே' என்று மடித்தேன். ஆசிரியர் அதை அடித்துவிட்டார். ஏன்?

அடித்தது சரி. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் மட்டும் நிற்பதில்லை. 'ஸ்' வந்து அதன்பின் வேறு மெய் வந்தால் இரண்டும் அடுத்த அசைக்கே போகும்: த்ரி-ஸ்தே, ஃப்ரே-ஸ்கோ, ஓ-னே-ஸ்தோ, தெ-தே-ஸ்கோ. 1583இல் ஃப்ளாரன்ஸில் தோன்றிய மொழிக்கழகத்தின் பெயரே 'க்ரூ-ஸ்கா' என்றுதான் மடியும். ஐயம் வந்தால், அந்த மெய்ம்மயக்கம் (அடுத்தடுத்து வரும் மெய்கள்) ஓர் இத்தாலியச் சொல்லின் முதலில் வருமா என்று பாருங்கள். 'ஸ்த்ராதா', 'ஸ்குவோலா' உண்டு, ஆகவே பிரியாது. 'ர்த்' முதலில் வராது, ஆகவே ஃபோர்-தே. குறிலும் ஒற்றும் சேர்ந்தால் நேரசை என்று தமிழ் யாப்பில் பழகிய கை 'த்ரிஸ்' என்றே வெட்டும். அந்தப் பழக்கத்தை விடுங்கள். உச்சரிப்பைக் காட்டி வாதாடுவோரும் உண்டு. 'நே-ரோ'வில் அழுத்தம் பெறும் உயிர் நீள்கிறது, 'த்ரிஸ்தே'யில் நீள்வதில்லை. அதனால் ஒலியியலார் பலர் 'ஸ்'ஸை முன்னசையில் வைக்கிறார்கள். சரியான கவனிப்புதான். ஆனால் வரி மடிப்பு எழுத்து மரபு, அது மாறாது. கணினியில் ஆவணத்தின் மொழியை இத்தாலியன் என்று மாற்றிவிட்டுத் தட்டச்சிடுங்கள். ஆங்கில விதிப்படி மடிந்ததை அப்படியே அனுப்பாதீர்கள்.

கேள்வி: 'லெகாலே'யின் (சட்டப்படியான) எதிர்ச்சொல்லாக 'இன்லெகாலே' ஏன் தவறு?

அகராதியைத் திறந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. எதிர்மறை முன்னொட்டான 'இன்-'னின் 'ன்' அடுத்த மெய்க்கு இணங்கும்: இல்லெகாலே, இர்ரெகொலாரே, இம்பொஸ்ஸீபிலே. இரட்டித்த மெய் நடுவில் பிரியும்: இல்-லெ-கா-லே. உயிருக்கு முன் 'ன்' மாறாது, ஆனால் அசை தாண்டிவிடும்: இ-னூ-தி-லே. 'இன்-ஊதிலே' என மடிப்பதையும் ஏற்பார்கள். நீங்கள் முதலாவதையே பழகுங்கள். மறுபடி சொல்கிறேன்: அசையும் சொல்லுறுப்பும் ஒன்றல்ல.

கேள்வி: 'ஃபாச்சிலே'யின் (எளிதான) வினையடை?

ஃபாச்சில்மேந்தே. உயிரை அடுத்த '-லே', '-ரே' இறுதி உயிரை இழக்கும். '-ஓ'வில் முடிபவை பெண்பாலாகி '-மேந்தே'யோடு ஒட்டும்: லேந்தோ, லேந்தா, லெந்தாமேந்தே.

கேள்வி: 'பியான்கோ'வை (வெண்மையான) 'மிக வெண்மையான' என்று மிகுதிப்படுத்தினால் ஐந்து அசையா?

நான்கு: பியான்-கிஸ்-ஸி-மோ. 'இயா' இங்கே கூட்டுயிர், ஓரசைதான். உங்கள் கடிதத்தில் இந்தச் சொல்லின் (bianchissimo) 'ஹெச்' எழுத்தை விட்டிருக்கிறீர்கள். அது இல்லாவிட்டால் 'கி' போய் 'ச்சி' என்று ஒலிக்கும்.