ஓட்டோ ராஜா வெள்ளிக்காசு கருத்துப் போச்சு, தேய்க்கலாமா?

கேள்வி: மியூனிக் பழைய பொருள் சந்தையில, ஜெர்மனியில இருந்த பவேரியா ராஜ்ஜியத்து வெள்ளிக்காசு ஒண்ணு வாங்கினேன். ஓட்டோ ராஜா, 3 மார்க் (பழைய ஜெர்மன் பணம்), 1909. கன்னங்கரேல்னு இருக்கு. பழைய தங்கம் வாங்குற கடைக்காரர் "பளபளன்னு தேய்ச்சுக் கொண்டு வாங்க, எடை போட்டு எடுத்துக்கறேன்"ங்கறார். தேய்க்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாங்க. பேஸ்ட், சோடா உப்பு, புளி எதுவும் கிட்டயே வரக்கூடாது. அது அழுக்கு இல்ல, காத்துல இருக்கற கந்தகம் பட்டு வருஷக்கணக்கா வெள்ளி மேல படிஞ்ச படலம், அதைத் தேய்ச்சா காசோட மேல்பரப்பும் சேந்து போயிடும், சேகரிக்கறவங்க லென்ஸ் வெச்ச உடனே கீறலைப் பாத்துட்டு வெலையக் குறைச்சுடுவாங்க. உருக்கப் போறவருக்கு பளபளப்பு எதுக்கு, யோசிங்க. தேய்ச்ச காசை வேற யாரும் நல்ல வெலைக்கு எடுக்க மாட்டாங்க, நீங்க அவர்கிட்டயேதான் திரும்பி வந்தாகணும்.

நல்ல காசுன்னா 16.67 கிராம் இருக்கும், விட்டம் 33 மில்லிமீட்டர். 90 சதவீதம் வெள்ளி, அதாவது 15 கிராம் சுத்த வெள்ளி. அன்னிக்கு ஒரு கிராம் வெள்ளி ரேட்டை 15ஆல பெருக்குங்க, அதுக்கும் கீழ கேட்டா எழுந்து வந்துடுங்க. ரொம்ப மேலயும் எதிர்பாக்காதீங்க, ஓட்டோ 3 மார்க் லட்சக்கணக்குல அடிச்ச காசு. விளிம்புல 'கோட் மிட் உன்ஸ்' ('கடவுள் நம்மோட')ங்கற ஜெர்மன் எழுத்து தெளிவா இருக்கணும், தலைக்கு கீழ காசு அடிச்ச மியூனிக் அக்கசாலையோட டி (D) எழுத்து இருக்கணும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. மெத்துன்னு இருக்கற பிளாஸ்டிக் கவர்ல கெடந்து பச்சையா பிசுபிசுன்னு ஒட்டியிருந்தா அதை மட்டும் எடுத்தே ஆகணும், விட்டா வெள்ளியை அரிச்சிடும். சுத்தமான அசிட்டோன்தான், நகப்பாலிஷ் ரிமூவர் இல்ல, அதுல எண்ணெய், சென்ட் எல்லாம் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்துல ஊத்தி, ஜன்னலைத் திறந்து வெச்சு, பக்கத்துல நெருப்பே இல்லாம, காசை ஊற வெச்சு எடுங்க, துணியால துடைக்காதீங்க, தானா காயட்டும். கருப்பு அப்படியேதான் இருக்கும், இருக்கட்டும்.

இதை வித்துட்டு அபூர்வக் காசு வாங்கலாம்னு யாராவது 1918 கல்யாணப் பொன்விழா 3 மார்க்கை நீட்டினா ஓடிடுங்க. மூணாம் லூட்விக் ராஜாவுக்கும் ராணிக்கும் அடிச்சது, மொத்தமே சுமாரா 130 காசு, சந்தையில சுத்தறது காப்பி. கூட வர்ற 'அசல் சான்றிதழ்' விக்கறவரே பிரிண்ட் எடுத்தது.

பழைய காசு வாங்கறோம்னு போர்டு மாட்ட காசைப் பத்தி ஒரு பரீட்சையும் எழுத வேண்டியதில்ல, இதைக் கேக்க ஆளே இல்லங்கறதுதான் கோவம் வருது. ஜெர்மன் காசு வியாபாரிகள் சங்கத்துல இருக்கற ரெண்டு பேர்கிட்டயாவது, கருப்போடயே, காட்டிட்டு வெல பேசுங்க.