41 புத்தகங்களும் ஒரு பஸ் டிக்கெட்டும்

கேள்வி: 'அடுத்து என்ன படிக்கலாம்?' என்று நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். இரண்டே நாளில் 41 புத்தகங்கள் சேர்ந்துவிட்டன. நான்கு மாதமாகியும் ஒன்றைக்கூடத் தொடங்கவில்லை. பட்டியலை இணைத்திருக்கிறேன். எதை முதலில் எடுப்பது என்று நீங்களாவது சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: நான் ஒன்று சொன்னால் 42 ஆகும். பரவாயில்லையா?

பட்டியலைப் பார்த்தேன். பாதிக்கு மேல், எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிற பெயர்கள். நல்ல புத்தகங்கள்தான், தப்பில்லை. ஆனால் பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் கேட்டால், தான் ரசித்துப் படித்ததைச் சொல்ல யாருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். படித்திருக்க வேண்டியதைச் சொல்லிவிடுவார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். என் நண்பர் ஒருவர் தடித்த ரஷ்ய நாவல் ஒன்றை ஏழெட்டு வருடமாக எனக்குச் சிபாரிசு செய்துகொண்டிருந்தார். ஒருநாள் அவரிடமே இரவல் வாங்கினேன். 38ஆம் பக்கத்தில் மேட்டுப்பாளையம் பஸ் டிக்கெட் ஒன்று இருந்தது. அதற்கப்புறம் ஒரு பக்கத்திலும் விரல் பட்ட தடம் இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை. நட்பு முக்கியம்.

நீங்கள் கேட்ட விதமும் சரியில்லை. ஜவுளிக்கடைக்குப் போய், யாருக்கு, என்ன விசேஷத்துக்கு என்று சொல்லாமல் 'நல்ல புடவையா எடுத்துப் போடுங்க' என்றால் கடைக்காரர் என்ன செய்வார்? இருப்பதையெல்லாம் விரித்துப் போடுவார். உங்கள் நண்பர்கள் செய்ததும் அதுதான். கடைசியாக எந்தப் புத்தகத்தை விடாமல் படித்தீர்கள், எதைப் பாதியில் மூடினீர்கள் என்று நீங்கள் அவர்களிடம் சொல்லவே இல்லையே!

குழுவை விடுங்கள். ஒருவரை நேரில் பிடியுங்கள். 'நீ கடைசியாக முழுக்கப் படித்து முடித்தது எது?' என்று கேளுங்கள். 'பாதியில் போட்டது எது, ஏன்?' என்றும் கேளுங்கள். எனக்கு இந்த இரண்டாவது பதில்தான் அதிகம் உதவியிருக்கிறது. 'ஊர் வர்ணனையே நூறு பக்கம்' என்று அவர் அலுத்துக்கொண்டால், ஊர் வர்ணனைக்காகவே படிக்கிற ஆளுக்கு அதைவிட நல்ல சிபாரிசு ஏது? அப்புறம், அவருடைய பிரதியையே இரவல் கேளுங்கள். திருப்பித் தர வேண்டும் என்ற நினைப்பிலாவது படிப்பீர்கள். உங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அலமாரியில் சும்மா கிடக்கிற புத்தகம் பூஞ்சணம் பிடிக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பிடிக்கவில்லையென்றால் முப்பது பக்கத்தோடு மூடிவிடலாம். குன்னூர் ஏலத்துக்குப் போகும் தேயிலையை ருசி பார்ப்பவர், ஒவ்வொரு கோப்பையிலும் ஒரு கரண்டி உறிஞ்சித் துப்பிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடுவார். அத்தனையையும் குடித்து முடித்தால் மனுஷன் என்ன ஆவது?

நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது அதில் ஒன்று. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது இன்னொன்று. ஒவ்வொரு வாட்ஸ்அப் குழுவுக்கும் என்று அவர் எழுதவில்லை.

சரி, 42ஆவது. கோத்தகிரியிலிருந்து வந்த பட்டியலில் நீலகிரியைப் பற்றி ஒரு புத்தகம்கூட இல்லாதது எனக்கு வருத்தம்தான். ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' படித்திருக்கிறீர்களா? நீலகிரியில் வாழும் படகர் சமூகத்தின் வாழ்க்கையை வைத்து 1960களில் வந்த நாவல். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கிற குறிஞ்சியோடு சேர்ந்து நகர்கிற கதை. அவருடைய எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் புத்தகம் கிடைப்பதில் சிரமம் இருக்காது. வாங்கக்கூட வேண்டாம், முதலில் நூலகத்தில் தேடுங்கள். வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி உங்களிடம் ஏற்கெனவே வாங்கியாயிற்று. முப்பது பக்கத்துக்குள் பிடிக்கவில்லையென்றால் தாராளமாகத் திருப்பிக் கொடுங்கள், எனக்குக் கோபம் வராது. வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள். நூலகம் லீவு.