கை நனையாத வேதியியல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

காரைக்குடியில் எம்.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கணினியில் மருந்து மூலக்கூறுகளைத் தேடும் உங்கள் வேலையைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். அதிலிருந்து எனக்கும் அதே ஆசை. ஆனால் எங்கள் ஆசிரியர் ஒருவர், "கை நனையாதவர் வேதியியல்காரரே இல்லை" என்கிறார். கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கும் தோழியோ, "இனிமேல் ஏ.ஐ. இரண்டே மாதத்தில் மருந்து கண்டுபிடித்துவிடும், நீ எதற்கு வேதியியலைக் கட்டிக்கொண்டு அழுகிறாய்" என்கிறாள். நீங்கள் செய்வது வேதியியல்தானா? நான் எங்கிருந்து தொடங்குவது? ஊரை விட்டுப் போக வேண்டியிருக்குமா என்று அப்பாவும் கேட்கிறார்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

ஆசிரியர் சொன்னதில் பாதி உண்மை. உங்கள் கை நனையாமல் இருக்கலாம், யாரோ ஒருவருடைய கை நனைந்தே ஆக வேண்டும். என் கணினிக்குள் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் பிப்பெட் பிடித்து அளந்தது. அதை மறந்திருந்த காலத்தில் ஒரு பெரிய தவறு செய்தேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஒரு நொதியைத் தடுக்கும் மூலக்கூறுகளைக் கணிக்க, பழைய தரவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் ஒரு கணினி மாடல் தயாரித்தேன். சோதித்துப் பார்த்தால் பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னது. அதை நம்பி எங்கள் குழுவின் வேதியியலாளர்கள் மூன்று மாதம் பாடுபட்டுப் பன்னிரண்டு மூலக்கூறுகளைச் செய்து கொடுத்தார்கள். ஒன்றுகூட வேலை செய்யவில்லை.

காரணத்தைத் தேடியபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. தரவைச் சீட்டுக் குலுக்குவது போலக் குலுக்கி, ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் மறு பகுதியைத் தேர்வுக்கும் வைத்திருந்தேன். ஒரே சட்டகம் (மூலக்கூறின் எலும்புக்கூடு), ஓரத்தில் ஓர் அணு மட்டும் வேறு என்றிருக்கும் உடன்பிறப்பு மூலக்கூறுகள் இரண்டு பக்கமும் போய் உட்கார்ந்துவிட்டன. அண்ணனைப் பார்த்தவன் தம்பியை அடையாளம் சொல்வது பெரிய திறமையா? புதிய குடும்பத்தைக் காட்டியதும் மாடலுக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்தது, நான் திரட்டிய தரவெல்லாம் ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து வந்தது. கட்டுரையில் பெரும்பாலும் வேலை செய்த மூலக்கூறுகள்தான் இடம்பெறும். வேலை செய்யாதவை ஆய்வுக்கூட நோட்டிலேயே தங்கிவிடும். தோல்வியையே பார்க்காத மாடல், தோல்வியை எப்படிக் கணிக்கும்?

அந்த வாரம் ஊருக்கு வந்திருந்தேன். அப்பச்சியிடம் சொன்னபோது அவர் மேல்மாடிப் பெட்டியிலிருந்து ஐயாவின் பழைய பேரேட்டை எடுத்து வந்தார். ஐயா பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் கணக்கெழுதியவர். அங்கிருந்து முதலாளி வீட்டுக்கு ஐந்தொகைக் கணக்கு அனுப்பும்போது வாராக்கடனை ஒன்று விடாமல் காட்டுவாராம். யாரிடம் எவ்வளவு, எதனால் வரவில்லை, எல்லாம் அந்தப் பேரேட்டில் இருந்தது. லாபத்தை மட்டும் காட்டியிருந்தால் முதலாளி அடுத்த வருடமும் அதே ஆட்களுக்குக் கடன் கொடுக்கச் சொல்லியிருப்பார், இல்லையா? மங்கிப்போன அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் தரவில் இல்லாமல் போனது அந்தப் பக்கம்தான்.

2020-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. குழு கண்டுபிடித்த ஹாலிசின் பற்றிப் படித்திருப்பீர்கள். செய்திகள் எல்லாம் "ஏ.ஐ. கண்டுபிடித்த ஆன்டிபயாடிக்" என்று எழுதின. எனக்குப் பிடித்தது அதன் கணக்கு. முதலில் 2,335 மூலக்கூறுகளை ஈ.கோலை பாக்டீரியாவின் மேல் ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். வளர்ச்சியைத் தடுத்தவை 120. மற்ற 2,215-உம் வாராக்கடன். அவற்றையும் சேர்த்துத்தான் மாடலுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு ஆறாயிரத்துச் சொச்சம் மூலக்கூறுகள் இருந்த ஒரு தொகுப்பைக் காட்டி, மாடல் முன்னால் நிறுத்திய 99-ஐ மறுபடியும் ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். 51 தேறின. அந்தத் தொகுப்பிலிருந்து வந்ததுதான் ஹாலிசின், முன்பு நீரிழிவுக்காக ஆராயப்பட்ட மூலக்கூறு. எலிகளிடம் நன்றாக வேலை செய்தது. மருந்துக்கடைக்கு இன்னும் வரவில்லை. இரண்டு மாதம் என்ற தோழியிடம் இதைச் சொல்லுங்கள். கணிப்பது விரைவாகிவிட்டது, மனித உடம்பில் சோதிப்பது அப்படி விரைவாகிவிடவில்லை.

புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஏ.ஐ.யான ஆல்ஃபாஃபோல்டும் இப்படித்தான். 2024-இல் அதற்கு நோபல் கிடைத்தது, கிடைக்க வேண்டியதுதான். ஆனால் அது படித்த பாடப்புத்தகம், 1971 முதல் உலகம் முழுக்கப் பலர் புரதங்களைப் படிகமாக்கி, ஒவ்வொன்றாக வடிவம் கண்டு சேர்த்துவைத்த புரதத் தரவு வங்கி. அந்த வடிவங்கள் சரியா என்று பார்க்க இன்றைக்கும் பயன்படுவது ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய குழுவும் 1963-இல் சென்னையிலிருந்து வெளியிட்ட வரைபடம். அதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

சரி, நான் செய்வது வேதியியலா? டெர்ஃபெனடின் கதையைச் சொல்கிறேன். நல்ல ஒவ்வாமை மருந்து, தூக்கம் வராது. ஆனால் வேறு சில மருந்துகளோடு சேர்ந்தால், கல்லீரல் அதை மாற்ற முடியாமல் ரத்தத்தில் தங்கி, இதயத் தசையில் பொட்டாசியம் வெளியேறும் வாயிலை அடைத்துத் துடிப்பின் தாளத்தைக் கெடுத்தது. 1990-களின் இறுதியில் அமெரிக்காவில் விலக்கிக்கொண்டார்கள். கல்லீரல் அதை எதுவாக மாற்றுகிறதோ அந்தப் பொருளையே, ஃபெக்ஸோஃபெனடினை, பிறகு மருந்தாக்கினார்கள். நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் ஓரத்திலிருந்த ஒரு மெத்தில் குழு கார்பாக்சிலிக் அமிலமானது மட்டும். கணினிக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே வரைபடம். அந்த அமிலம் மின்சுமையைக் கொண்டுவருகிறது, மூலக்கூறு அந்த வாயிலில் பழையபடி உட்காராது என்று யோசிக்கிறவர் வேதியியல் படித்தவர். என் நாளில் பெரும்பகுதி இந்த யோசனையிலும், "இதைச் செய்ய முடியுமா, எத்தனை படியில் செய்யலாம்" என்று ஆய்வுக்கூடத்துக்காரர்களிடம் பேசுவதிலும் போகிறது. மாடல் ஓடுவது கொஞ்ச நேரம்தான்.

அதனால் கரிம வேதியியலை விட்டுவிடாதீர்கள். அதோடு பைத்தான் நிரல்மொழியும் புள்ளியியலும். புள்ளியியலை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், பலர் அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். மூலக்கூறுகளின் அளவீடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் கெம்பிள் என்ற தரவுத்தளம் இலவசம், மூலக்கூறுகளைக் கணினியில் கையாளும் ஆர்.டி.கிட் என்ற மென்பொருளும் இலவசம். ஒரே ஒரு நொதியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மூலக்கூறு அதை எவ்வளவு தடுக்கிறது என்று அளந்த எண்களைத் திரட்டுங்கள். ஒரே மூலக்கூறுக்கு இரண்டு ஆய்வுக்கூடங்கள் இரண்டு எண் கொடுத்திருப்பதைப் பார்ப்பீர்கள், அங்கே நின்று ஏன் என்று மூலக் கட்டுரையைப் படியுங்கள். தரவைப் பயிற்சிக்கும் தேர்வுக்கும் பிரிக்கும்போது குலுக்காதீர்கள். சட்டகம் வாரியாகவோ வருட வாரியாகவோ பிரியுங்கள். மாடலின் மதிப்பெண் குறையும், குறையட்டும்.

அப்பாவிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். மருந்துத் துறை வேலை பெரும்பாலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும்தான். சில வருடமாவது போக வேண்டியிருக்கும். ஆனால் கற்றுக்கொள்ள ஊரை விட வேண்டாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்ததால் 1953 முதல் மின்வேதியியல் ஆய்வு நிலையம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. மின்கலப் பொருள்களைத் தேடவும் இதே கணக்கு முறைகள் உதவுகின்றன. மருந்துதான் என்று பிடிவாதம் இல்லையென்றால் அந்தப் பக்கமும் பாருங்கள்.

பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வருகிறேன். அதற்குள் ஐம்பது மூலக்கூறுகளாவது கணித்து, ஒரு பக்கம் உங்கள் மாடல் சொன்னது, மறுபக்கம் அளந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கொண்டு வாருங்கள், பார்ப்போம். தப்பிப்போனவற்றை முதலில் பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா