குருத்தணு மாற்றுக்குப் பின் கண்ணைத் தாக்கும் வைரஸ்கள்: கேள்வி பதில்

பதிலளிப்பவர்: சிங்கப்பூரில் குருத்தணு மாற்றுச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற தாதி.

ஈசூன் வாசகி: என் கணவருக்கு அவருடைய அண்ணனின் குருத்தணுக்களை (இரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணுக்களை) செலுத்தி ஐந்து மாதங்கள் ஆகின்றன. இரத்தத்தில் சைட்டோமெகலோ வைரஸ் இல்லை என்று சென்ற வாரம் சொன்னார்கள். இப்போது வலக்கண்ணில் கரும்புள்ளிகள் மிதப்பதாகச் சொல்கிறார், வலி இல்லை. அடுத்த மாதச் சந்திப்பு வரை பொறுக்கலாமா?

பொறுக்க வேண்டாம், அம்மா. இன்றே மாற்றுச் சிகிச்சைப் பிரிவை அழையுங்கள். விடுமுறை நாளாக இருந்தால் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். நம்மில் பெரும்பாலோரின் உடலில் உறங்கிக்கிடக்கும் இந்த வைரஸ், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் தொடரும் காலத்தில் விழித்தெழுந்து விழித்திரையை அரிக்கக்கூடும். அதுவும் பெரும்பாலும் மாற்றுச் சிகிச்சை முடிந்த நூறாம் நாளுக்குப் பிறகே தலைகாட்டுகிறது. விழித்திரைக்கு வலியுணர்வு இல்லாததால், கண் சிவக்காமலேயே பார்வை பறிபோகலாம். இரத்தத்தில் வைரஸ் தென்படாதபோதும் கண்ணுக்குள் அது பெருகியிருக்கலாம் என்பதால், அந்த முடிவை வைத்து நிம்மதி அடைய முடியாது. கண்ணின் பாவையை விரிக்கும் சொட்டுமருந்து விட்டு விழித்திரையை நேரில் பார்ப்பார்கள். ஐயம் எழுந்தால் கண்ணின் முன்னறையிலிருந்து சிறிதளவு நீர் எடுத்து, வைரஸின் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் சோதனை செய்வார்கள். சொட்டுமருந்து விட்ட பின் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். துணைக்கு நீங்களும் செல்லுங்கள்.

ஜூரோங் வாசகர்: இந்த வைரஸுக்கு எதிரான கான்சிக்ளோவிர் மருந்தை ஏற்றினால் புதிய எலும்பு மஜ்ஜை பாதிக்கப்படும் என்கிறார்களே?

உங்கள் அச்சம் நியாயமானது. கான்சிக்ளோவிர் வெள்ளணுக்களைக் குறைக்கும். மாற்றாகத் தரப்படும் ஃபாஸ்கார்னெட் மஜ்ஜையைப் பெரிதும் விட்டுவைத்தாலும் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். இரத்த எண்ணிக்கை தாங்காதவர்களுக்கும், பாதிப்பு பார்வை மையத்தை நெருங்கியவர்களுக்கும் கண்ணுக்குள்ளேயே ஊசி போடுவதுண்டு. கேட்கவே உடல் கூசும், ஆனால் கண்ணை மரத்துப்போகச் செய்த பிறகே போடுவார்கள். எனினும் அந்த ஊசி மறு கண்ணையோ நுரையீரலையோ காக்காது என்பதால், உடல் தாங்குமானால் இரத்த நாளம் வழியாகவோ மாத்திரையாகவோ மருந்தும் தொடர வேண்டும்.

பிடோக் வாசகர்: லெட்டர்மோவிர் எடுத்துக்கொள்கிறேன். அசைக்ளோவிரை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. லெட்டர்மோவிர் சைட்டோமெகலோ வைரஸை மட்டுமே தடுக்கும்; அக்கி வைரஸும் ஹெர்பிஸ் வைரஸும் அதற்கு அடங்கா, அவற்றைத் தடுப்பதற்கே அசைக்ளோவிர். நெற்றியில் தொடங்கி மூக்கு நுனி வரை அக்கிக் கொப்புளம் வந்தால், கண்ணும் பாதிக்கப்படும் வாய்ப்பு மிக அதிகம்.

மற்றொருவர்: கண் உறுத்துகிறது. வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு சொட்டுமருந்தை விடலாமா?

தானம் பெற்ற அணுக்கள் நம் கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்குவதால் வரும் வறட்சியே இந்த உறுத்தலுக்குப் பெரும்பாலும் காரணம். ஆனால் அது கருவிழியில் ஹெர்பிஸாக இருந்துவிட்டால், ஸ்டீராய்டு புண்ணைப் பெருக்கிவிடும். கண் மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள்.