எங்கோ பார்த்த முகமாக இல்லாத கதைமாந்தர்

கேள்வி: துப்பறியும் கதை, பேய்க்கதை, அறிபுனை என்று மாற்றி மாற்றி எழுதுகிறேன். கதைக்கரு கிடைத்துவிடுகிறது, ஆட்கள்தான் கிடைப்பதில்லை. என் துப்பறிவாளர் குடிகாரர், என் விஞ்ஞானி தலை சீவாதவர், என் கதாநாயகி துடுக்குக்காரி. எல்லாமே எங்கோ பார்த்த முகங்கள். பிறந்தநாள், பிடித்த நிறம், பயம், லட்சியம் என்று நூறு கேள்விகள் கொண்ட படிவத்தை ஒவ்வொருவருக்கும் நிரப்பிப் பார்த்தேன், பலனில்லை. எந்த வகைக் கதைக்கும் புதிதாகப் பாத்திரங்களை யோசிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் அந்தப் படிவத்தை மூடி வையுங்கள்.

படிவத்தின் கோளாறு, அதில் ஒவ்வொரு பதிலும் தனித்தனியாக நிற்பதுதான். நீல நிறம் பிடிக்கும், உயரம் என்றால் பயம், ஒரு தங்கை உண்டு. இந்த மூன்றுக்கும் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தையே கிடையாது. நூறு பதில் எழுதினாலும் நூறு தகவல்தான் சேரும், ஆள் சேரமாட்டார். ஒரு பதில் அடுத்த பதிலை நெருக்கத் தொடங்கும் இடத்தில்தான் ஆள் பிறக்கிறார். உயரத்துக்குப் பயப்படுகிறவர், மாடிக் கட்டடங்களின் வெளிச்சுவரைத் துடைத்துப் பிழைக்கிறார் என்று வையுங்கள். பயத்தை வெளியே சொல்ல வெட்கம். அதனால் தினமும் ஏதாவது சாக்குச் சொல்லிக் கீழ்த்தளத்தையே கேட்டு வாங்குகிறார். கூட வேலை செய்பவர்களிடம் சோம்பேறி என்று பெயர் எடுத்திருக்கிறார். அந்தப் பெயரைப் பொறுத்துக்கொள்வது அவருக்குப் பயத்தை ஒப்புக்கொள்வதைவிடச் சுலபம். நான்கு தகவல்தான், ஆனால் ஒன்றை உருவினால் மற்ற மூன்றும் சரியும். பிடித்த நிறம் எதுவாக இருந்தால் என்ன?

எந்தப் பாத்திரத்தையும் நான் ஒரே கேள்வியால் சோதிப்பேன். இதே இடத்தில் வேறு யார் இருந்தாலும் செய்யாத ஒன்றை இவர் செய்கிறாரா, அதற்கு இவரளவில் நியாயமான காரணம் இருக்கிறதா? இரண்டும் வேண்டும். யாரும் செய்யாததைக் காரணமில்லாமல் செய்தால் அது வெறும் கிறுக்குத்தனம், இரண்டாம் பக்கத்தில் அலுத்துவிடும். காரணம் மட்டும் இருந்து, செய்வது எல்லோரும் செய்வதாகவே இருந்தால் அவரைக் கதையிலிருந்து தூக்கிவிட்டு வேறொருவரை உட்கார வைக்கலாம். உங்கள் மூன்று பேரும் இந்த இரண்டாவது ரகம் என்று நினைக்கிறேன்.

வகைமாதிரியான ஆட்களை எழுதுவதே தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் தியோபிராஸ்டஸ் என்ற கிரேக்க அறிஞர் முகத்துதிக்காரன், வாயாடி, கஞ்சன் என்று முப்பது வகை மனிதர்களைச் சின்னச் சின்னச் சித்திரங்களாக எழுதி வைத்தார். ஒவ்வொருவருக்கும் ஒரே குணம்தான். ஆனால் அவருடைய கஞ்சன், மனைவி ஒரு செப்புக்காசைத் தவறவிட்டால் கட்டில், பெட்டி எல்லாவற்றையும் நகர்த்தித் தேடுவான். அந்தக் குணம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பழையது, கட்டிலை நகர்த்துவது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. குணத்தை எழுதாமல், அந்தக் குணம் கையையும் காலையும் எங்கே கொண்டுபோகிறது என்று எழுதினால் பாதி வேலை முடிந்தது.

இங்கே பலரும் ஒரு குறுக்கு வழி சொல்வார்கள்: வார்ப்பைத் தலைகீழாகத் திருப்பிவிடு. கோழையான தளபதி, இளகிய மனக் கொள்ளைக்காரன், பேய்க்குப் பயப்படும் மந்திரவாதி. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. திருப்பிப் போட்டதும் அதே அச்சுதான். வாசகர் முதல் வரியில் புன்னகைப்பார், பத்தாவது வரியில் மிச்சத்தை அவரே ஊகித்துவிடுவார். நகைச்சுவைத் துணுக்குக்குச் சரி, நாவலைத் தாங்காது.

எனக்குத் தெரிந்து மிக அதிகமாகப் பலன் தரும் இடம், பாத்திரத்தின் கண். அதாவது, இவர் ஒரு அறைக்குள் நுழைந்தால் மற்றவர் பார்க்காத எதைப் பார்ப்பார், அந்தப் பார்வையை எங்கே கற்றார் என்பது. ஆர்தர் கானன் டாயில் எடின்பரோவில் மருத்துவம் படித்தபோது ஜோசப் பெல் என்ற அறுவை மருத்துவர் அவருக்கு ஆசிரியர். நோயாளி வாய் திறப்பதற்கு முன்பே அவருடைய நடை, கை, உடை இவற்றை வைத்து என்ன வேலை செய்கிறார், எங்கிருந்து வருகிறார் என்று பெல் சொல்லிவிடுவார். 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் டாயில் செய்தது, நோயைத் தேடும் அந்தக் கண்ணை எடுத்துக் குற்றத்தைத் தேடும் ஒருவருக்கு வைத்ததுதான். அதே துப்பறியும் வகையில் 1910இல் செஸ்டர்டன் என்ற ஆங்கில எழுத்தாளர் வேறு பக்கம் போனார். ஜான் ஓகானர் என்ற பாதிரியாருடன் பேசியபோது, மனிதர்களின் கீழ்மைகளைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று திகைத்துப்போனார். அடுத்து இரண்டு கல்லூரி மாணவர்கள், பாவம், பாதிரியாருக்கு உலகத் தீமை எங்கே தெரியப்போகிறது என்கிற மாதிரிப் பேசினார்கள். அந்த முரணிலிருந்து பிறந்தவர்தான் பாதர் பிரவுன். பாவமன்னிப்பு கேட்க வருகிறவர்களின் கதைகளைக் கேட்டுக் கேட்டுக் குற்றவாளியின் மனத்தைப் படிக்கத் தெரிந்தவர். ஹோம்ஸ் வெளியே இருந்து பார்க்கிறார், பிரவுன் உள்ளே இருந்து பார்க்கிறார். இருவரையும் ஒருவருக்குப் பதில் ஒருவராக வைக்கவே முடியாது.

இதை எல்லா வகைக் கதைக்கும் எப்படிப் பயன்படுத்துவது? ஓர் ஆளை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்ப்போம். நீதிமன்றத்தில் காலமெல்லாம் சுருக்கெழுத்து எழுதி ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி. இதுவரை இவர் ஒரு தகவல்தான். வேலை எப்படி நடக்கிறது என்று தேடிப் படியுங்கள். ஐசக் பிட்மன் 1837இல் வெளியிட்ட முறையில் எழுத்துக்கூட்டல் கிடையாது, காதில் விழும் ஒலிக்குத்தான் கோடு. மெல்லிய கோட்டைக் கொஞ்சம் அழுத்தினால் வேறு ஒலி ஆகிவிடும். வேகத்தில் உயிரொலிக் குறிகளை விட்டுவிட்டு, பிறகு பெயர்த்து எழுதும்போது சூழலை வைத்துச் சொல்லைக் கண்டுபிடிப்பார்கள். இவ்வளவு தெரிந்ததும் அடுத்த கேள்வி தானாக வருகிறது: இந்த வேலை எங்கே தவறும்? விட்டுப்போன ஓர் உயிரொலி, இரண்டு சொல்லுக்கும் இடம் கொடுக்கும் ஒரு கோடு. அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தட்டச்சு செய்தார். ஒருவர் சிறைக்குப் போனார். அன்றைய குறிப்பேட்டை அவர் இன்னும் எரிக்கவில்லை, எடுத்துப் படிக்கவும் இல்லை.

துப்பறியும் கதையில் இவர் சாட்சி சொன்னதை மட்டுமல்ல, சாட்சி எங்கே திணறினார் என்பதையும் நினைவில் வைத்திருப்பவர். ஆனால் தான் சொல்லப்போவது தன்னுடைய தவறையும் வெளியே இழுக்கும் என்பதால் வாய் திறக்கமாட்டார். பேய்க்கதையில் யாரும் பேசாத அறையில் அவர் விரல்கள் குறிப்பெடுக்கின்றன, அதைப் பெயர்த்து எழுதினால்தான் கேட்டது என்ன என்று தெரியும், எழுதாமல் இருக்கப் பார்க்கிறார். அறிபுனையில் எல்லாப் பதிவையும் இயந்திரம் செய்கிறது, சட்டம் கேட்கிறது என்பதற்காக ஒரு மனிதரை மட்டும் ஓரத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். இயந்திரப் பதிவும் இவருடைய பதிவும் ஒரு நாள் ஒரே ஒரு சொல்லில் வேறுபடுகின்றன. காதல் கதை என்றால், தன்னிடம் சொல்லப்பட்ட எந்த வாக்கையும் மறக்க முடியாத பெண்ணோடு எவரால் வாழ முடியும்? கற்பனை நாட்டுக் கதையில் அரசவை எழுத்தர் ஆக்கிவிடலாம். ஆள் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். வகைமை மாறும்போது அவருடைய வேறொரு இடத்தில் அழுத்தம் விழுகிறது, அவ்வளவுதான். "அறிபுனைக்கு ஒரு பாத்திரம்" என்று தேடினால் தலை சீவாத விஞ்ஞானிதான் வருவார். வகைமையை மறந்துவிட்டு ஆளைத் தேடி, பிறகு இந்த வகைமை இவரை எங்கே குத்தும் என்று கேளுங்கள்.

கண் கிடைத்த பிறகு உணர்ச்சி. இதற்கு நம் கையிலேயே ஒரு பழைய கருவி இருக்கிறது, எழுதுகிறவர்கள் அதை இலக்கணம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியல் என்ற பகுதி நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை என்று எட்டைச் சொல்லி நிறுத்தவில்லை. ஒவ்வொன்றும் பிறக்கும் இடம் நான்கு என்று பட்டியலிடுகிறது. அழுகை இளிவால் வரும், இழவால் வரும், அசைவால் வரும், வறுமையால் வரும். அதாவது அவமதிக்கப்பட்டதால், இழந்ததால், முன்பிருந்த நிலை சரிந்ததால், இல்லாமையால். வெகுளிக்கு உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், வைதும் அடித்தும் அலைத்தல், கொலை. பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண் என்கிற அஞ்சாமை, புகழ், கொடை.

"இவர் சோகமானவர்" என்று குறிப்பெழுதிப் பயனில்லை. நான்கில் எது என்று கேட்டதும் ஆள் பிரிந்துவிடுகிறார். இழந்து அழுகிறவர் இழந்ததைப் பற்றிப் பேச ஆசைப்படுவார், அவமானத்தால் அழுகிறவர் அதைப் பற்றி மட்டும் பேசமாட்டார். நிலை சரிந்தவர் பழைய மிடுக்கோடு கட்டளை போட்டுவிட்டு, கேட்க ஆளில்லாமல் தானே எழுந்து போய் அந்த வேலையைச் செய்வார். இதைவிடச் சுவையானது, காரணங்களை இடம் மாற்றிப் பொருத்துவது. கொடையில் பெருமிதம் கொண்ட ஒருவருக்கு வறுமை வந்தால்? கல்வியில் பெருமிதம் கொண்டவருக்கு எள்ளல் வந்தால்? எட்டும் நான்கும் பெருக்கினால் முப்பத்திரண்டு, இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஐந்நூறை நெருங்குகிறது. எல்லாமே கதையாகாது, பத்தில் ஒன்று தேறினாலே நிறைய.

உங்கள் குடிகாரத் துப்பறிவாளரை இதில் போட்டுப் பார்ப்போம். குடி ஒரு விவரம். எதனால் குடி? பெரும்பாலான கதைகளில் இழவு, மனைவியோ குழந்தையோ போய்விட்டிருப்பார்கள். அதை அச்சமாக மாற்றுங்கள். தொல்காப்பியம் அச்சத்துக்குச் சொல்லும் நான்கில் கடைசி, தம் இறை, தனக்கு மேலே இருப்பவர். இவர் மேலதிகாரியைப் பற்றி ஏதோ தெரிந்தவர். நீதிமன்றத்துக்கு இழுத்தால் உண்மையைச் சொல்லவேண்டி வரும், சொன்னால் உயிர் போகும். அதனால் எல்லோர் கண்ணிலும் படும்படி குடிக்கிறார். குடிகாரன் சாட்சியை யார் நம்புவார்? குடி இப்போது பலவீனம் அல்ல, உத்தி. அவர் குடியை நிறுத்தும் நாள், கதையில் ஒரு பெரிய முடிவாகிவிடுகிறது. துடுக்குக்காரிக்கும் இதே சிகிச்சைதான். காது கேளாத பெற்றோருக்காகச் சிறு வயதிலிருந்தே கடைக்காரரிடமும் அதிகாரியிடமும் வாதாடி வளர்ந்தவள் என்று வையுங்கள். பிறருக்காகப் பேசும்போது புலி. தனக்காக ஒன்று கேட்கவேண்டிய இடத்தில் அவளுக்கு ஒரு வாக்கியம்கூட வராது.

எதிர்நாயகனுக்குத் தனி வழி ஏதும் இல்லை. மேலே சொன்ன கேள்வியே போதும், காரணத்தை மட்டும் இன்னும் கவனமாக யோசியுங்கள், ஏனென்றால் அங்கேதான் சோம்பல் வரும். பெயர், தோற்றம் எல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். துணைப் பாத்திரங்கள் எல்லோருக்கும் இவ்வளவு ஆழம் தேவையில்லை. கதவைத் திறந்துவிடுகிறவருக்கு முன்கதை கொடுத்தால் வாசகர் அவர் திரும்பி வருவார் என்று காத்திருப்பார்.

கிடைத்த ஆள் தேறுவாரா என்று பார்க்க, கதையில் சேராத ஒரு காட்சியை எழுதிப் பாருங்கள். அவர் ஒன்றை மறுக்கும் காட்சி. பணமோ உதவியோ மன்னிப்போ, எல்லோரும் வாங்கிக்கொள்ளும் ஏதோ ஒன்றை அவர் வேண்டாம் என்கிறார். ஏன் என்று அவர் வாயால் விளக்கக் கூடாது. ஒரு பக்கம் எழுதி முடித்ததும் காரணம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் கதையைத் தொடங்கலாம். அவர் எதை மறுப்பார் என்றே தோன்றவில்லை என்றால் திரும்பவும் வேலையையும் கண்ணையும் தேடப் போகவேண்டியதுதான்.

தெரிந்தவர்களிடமிருந்து எடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். எடுக்கலாம், முழு ஆளை எடுக்காதீர்கள். சட்டச் சிக்கலும் மனத்தாங்கலும் ஒரு பக்கம் இருக்கட்டும், எழுத்துக்கே அது கெடுதல். தெரிந்த ஆள் கண்முன் நின்றால், அவர் நிஜத்தில் செய்ததைத் தாண்டி எதையும் செய்ய வைக்க உங்களுக்குக் கை வராது. பேருந்திலோ வரிசையிலோ நிற்கும்போது முகத்தையும் உடையையும் குறிக்காமல், ஒருவர் பிடிக்காத கேள்வியிலிருந்து எப்படி நழுவுகிறார் என்பதைக் குறித்து வையுங்கள். சிலர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பார்கள், சிலர் வேறொருவரின் கதையைச் சொல்வார்கள், சிலருக்குச் சட்டென்று கைப்பையில் தேட ஏதாவது இருக்கும். அந்த நழுவலை மட்டும் கொண்டுவந்து, அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வேலையில் பொருத்துங்கள். மூன்றாவது பக்கத்துக்குள் அந்த நிஜ ஆள் உங்களுக்கே மறந்துபோவார்.